மூலிகைக் கொசுவத்தி என்று நம்பி வாங்கினேன், நீங்கள் வாங்கிவிடாதீர்கள்

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீடு கொள்ளிடம் பக்கம். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் சாயங்காலம் ஐந்து மணிக்கெல்லாம் ஜன்னலைச் சாத்திவிடுவோம், அப்படியும் கொசு எப்படியோ உள்ளே வந்துவிடும். பெண்ணுக்கு ஆறு வயது, பையனுக்கு இரண்டரை. பையனைக் கொசு கடித்தால் அந்த இடம் தடித்து, சொறிந்து சொறிந்து புண்ணாகிவிடும். போன மழைக்கு எங்கள் தெருவிலேயே இரண்டு பேர் டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். அந்தப் பயத்தோடுதான் நான் அந்தக் கடை முன்னால் போய் நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை நடக்கும் இயற்கைச் சந்தை அது. மாப்பிள்ளைச் சம்பா, செக்கு எண்ணெய், நாட்டுச் சர்க்கரை எல்லாம் இரண்டு வருடமாக அங்கேதான் வாங்குகிறேன். அங்கே விற்கிற பொருள் என்றால் கேள்வி கேட்கத் தோன்றாது எனக்கு. புதிதாக ஒரு தம்பி மேசை போட்டிருந்தார். மேசை நிறைய வேப்பிலைக் கொத்து, நொச்சிக் கொத்து. நடுவில் கொசுவத்திப் பாக்கெட்டுகள், ஊதுவத்தி மாதிரி நீளமாக.

"அக்கா, கெமிக்கல் ஒரு சொட்டு கிடையாது. வேப்பிலை, நொச்சி, துளசி, நாட்டு மாட்டுச் சாணம், அவ்வளவுதான். பச்சைக் குழந்தை இருக்கிற வீட்டுக்கே வாங்கிட்டுப் போறாங்க."

பாக்கெட் 60 ரூபாய். பத்து வாங்கினேன். கூடவே உடம்பில் தடவ ஒரு ரோல்-ஆன் எண்ணெய், 180. அது லெமன் யூகலிப்டஸ் எண்ணெயாம், அமெரிக்காவிலேயே ஒத்துக்கொண்டதாம், பிறந்த குழந்தைக்கும் தடவலாமாம். மொத்தமாக 700 கொடுங்கள் போதும் என்றார். மாடி வீட்டில் பிரசவத்துக்கு வந்திருக்கும் பெண்ணுக்குக் குழந்தை பிறந்து அப்போது ஐம்பது நாள்தான். பாவம், குழந்தையைக் கொசு பிடுங்குகிறது என்று இரண்டு பாக்கெட்டை நானே ஏறிப்போய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

அன்றைக்கு ராத்திரி ஒரு வத்தி கொளுத்தினோம். பத்து நிமிடம் ஆகியிருக்காது, டியூப்லைட்டுக்குக் கீழே கொசு கொட்டிக் கிடந்தது. விட்டில் பூச்சிகூட மல்லாந்து விழுந்து துடித்தது. அத்தை துடைப்பத்தால் கூட்டி அள்ளிக்கொண்டே, "நல்ல மருந்தா இருக்கே, இத்தனை நாள் தெரியாமப் போச்சே" என்றார். எனக்கும் சந்தோஷம்தான்.

அந்த இடத்தில்தான் நான் யோசித்திருக்க வேண்டும். எங்கள் பாட்டி வீட்டில் சாயங்காலம் வேப்பிலையும் நொச்சியும் போட்டுப் புகை மூட்டுவார்கள். கொசு வெளியே ஓடும், புகை அடங்கினால் திரும்பி வரும். தரையில் செத்து விழுந்து நான் பார்த்ததே இல்லை. விரட்டுவது வேறு, கொல்வது வேறு. ஒரு வத்தியின் புகை பட்டுப் பத்து நிமிடத்தில் கொசு சுருண்டு விழுகிறது என்றால் அதில் பூச்சிக்கொல்லி இருக்கிறது என்றுதான் சந்தேகப்பட வேண்டும். சாமந்திப் பூ வகை ஒன்றிலிருந்து எடுக்கும் பைரெத்ரம் அப்படி விழ வைக்கும், அது பூவிலிருந்து வருவதும் உண்மை. ஆனால் அதுவும் பூச்சிக்கொல்லிதான், அதற்கும் பதிவு வேண்டும்.

மூன்றாம் நாள் பையனுக்கு வறட்டு இருமல். நான்காம் நாள் ராத்திரி இரண்டு மணிக்கு மூச்சு விடும்போது விலா எலும்புக்கு இடையில் குழி விழுந்தது. தூக்கிக்கொண்டு ஓடினோம். நெபுலைசர் வைத்து, கொஞ்சம் சீரான பிறகு டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "வீட்டுல புதுசா ஏதாவது கொளுத்துறீங்களா?"

"மூலிகை வத்திதான் டாக்டர், கெமிக்கல் இல்லாதது."

"அந்தப் பாக்கெட்டை எடுத்துட்டு வாங்க. தடவுறது ஏதாவது இருந்தா அதையும் சேர்த்து."

என் கணவர் வீட்டுக்குப் போய் எடுத்து வந்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்துதான் அந்த அட்டையை முதல் தடவையாக முழுசாகப் படித்தேன். முன்பக்கம் வேப்பிலைப் படம், "100% இயற்கை". ஓரத்தில் ஒரு பச்சைப் புள்ளி. அதைப் பார்த்துத்தான் ஏதோ அரசாங்க முத்திரை என்று நினைத்திருந்தேன். பிஸ்கட் பாக்கெட்டில் சைவம் என்று காட்டப் போடுகிற புள்ளி அது, கொசுவத்தியில் அதற்கு ஒரு அர்த்தமும் இல்லை. பின்பக்கம் ஒரு செல்போன் நம்பர். என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்று இல்லை, தயாரித்த இடம் இல்லை, காலாவதித் தேதி இல்லை.

நம் நாட்டில் 1968-ம் வருடத்துப் பூச்சிக்கொல்லிச் சட்டம் இருக்கிறது. கொசுவைக் கொல்லும் மருந்து எது சேர்த்து விற்றாலும் அதை மத்தியப் பூச்சிக்கொல்லி வாரியத்தின் பதிவுக் குழுவிடம் பதிவு செய்திருக்க வேண்டும். அட்டையில் பதிவு எண், உரிம எண், மருந்தின் பெயர், எத்தனை சதவீதம், விஷமாகிவிட்டால் என்ன மாற்று மருந்து என்பதெல்லாம் அச்சாகியிருக்க வேண்டும். சாய்சதுர அடையாளம் ஒன்றும் இருக்கும். அதன் கீழ்ப்பாதி சிவப்பு என்றால் கடும் விஷம், அடுத்து மஞ்சள், நீலம், கடைசியாகப் பச்சை. பச்சை என்றால்கூட விஷம் குறைவு என்றுதான் பொருள், மூலிகை என்று பொருள் இல்லை. நான் வாங்கிய பாக்கெட்டில் இதில் ஒன்றுமே கிடையாது. பதிவில்லாமல் இப்படி விற்கும் வத்திகளில் மெப்பர்ஃப்ளூத்ரின் போன்ற, இங்கே அனுமதி இல்லாத மருந்துகள் கலந்திருப்பதாகச் செய்திகள் வந்திருக்கின்றன. என் பாக்கெட்டில் இருந்தது எது என்று ஆய்வு செய்தால்தான் தெரியும், அதனால் பெயர் சொல்ல மாட்டேன்.

பையனின் வீசிங்குக்கு வத்தி மட்டும்தான் காரணம் என்று டாக்டரும் சொல்லவில்லை. மழைக்காலச் சளியும் இருந்தது. ஆனால் மூடின அறையில் குழந்தை தூங்கும்போது எந்தப் புகையும் கூடாது, அது சாம்பிராணியாக இருந்தாலும் சரி, வேப்பிலையாக இருந்தாலும் சரி என்று கண்டிப்பாகச் சொன்னார். 2003-ல் வந்த ஓர் ஆய்வில், ஒரு கொசுவத்திச் சுருள் எரிந்து முடிவதற்குள் விடும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் புகைத்த அளவுக்குச் சமம் என்று கண்டிருக்கிறார்கள். இதைப் படித்த அன்றைக்கு எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

டாக்டர் வத்தியைவிட அந்த ரோல்-ஆன் பாட்டிலைப் பார்த்துத்தான் அதிகம் கோபப்பட்டார். மூடியைத் திறந்து மோந்தவுடனே, "இதுல சூடம் வாசனை வருதே" என்றார். எனக்கும் தெரியும் அந்த வாசனை. பையன் கழுத்தில் தடவியிருந்த இடம் வட்டமாகச் சிவந்து கிடந்தது, அதைக்கூட அவர் பெரிதாக எடுக்கவில்லை. சூடம் குழந்தையின் வயிற்றுக்குள் கொஞ்சம் போனாலே சில நிமிடத்தில் வலிப்பு வரும், யூகலிப்டஸ் எண்ணெயும் அப்படித்தான் என்றார். இரண்டரை வயதுப் பிள்ளை, எப்போதும் விரலை வாயில் வைத்திருப்பவன். பாட்டிலை அவன் கையில் கொடுத்து விளையாட விட்டவளே நான்தான். தொட்டில் கயிற்றில், சட்டை முனையில் சூடத்தைத் துணியில் முடிந்து கட்டும் வழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. தயவுசெய்து அவிழ்த்துவிடுங்கள். பீரோவில் போடும் பாச்சை உருண்டையும் குழந்தை கைக்கு எட்டக் கூடாது.

அந்த "அமெரிக்காவிலேயே ஒத்துக்கொண்டது" என்ற பேச்சையும் தேடிப் பார்த்தேன். அங்கே ஒத்துக்கொண்டிருப்பது லெமன் யூகலிப்டஸ் இலையிலிருந்து எடுத்துப் பக்குவப்படுத்தும் பிஎம்டி என்ற பொருளை. வாசனைக்காக விற்கும் சாதாரண எண்ணெயை இல்லை. அந்தப் பிஎம்டியையும் மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்குப் போடக் கூடாது என்றே சொல்கிறார்கள். பாதி உண்மையை வைத்து வியாபாரம் செய்திருக்கிறார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் வீட்டுக்குள்கூடப் போகாமல் மாடி ஏறினேன். அந்தப் பெண் கதவைத் திறந்ததுமே வாசனை வந்தது. குழந்தை தூளியில் தூங்குகிறது, கீழே என் வத்தி எரிகிறது. "அக்கா, நீங்க குடுத்தது ரொம்ப நல்லா கேக்குது" என்றாள். நான் என்ன சொன்னேன் என்று சரியாக ஞாபகம் இல்லை. வத்தியைத் தண்ணீரில் அமுக்கினேன், ஜன்னலை எல்லாம் திறந்தேன், மிச்சப் பாக்கெட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். நல்லவேளை, குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பெண்ணின் அம்மா முகத்தை என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை.

அடுத்த ஞாயிறு சந்தைக்குப் போனேன். "என்ன கலக்குறீங்க, எழுதிக் கொடுங்க" என்றேன். "அக்கா, அது கம்பெனி ரகசியம். உங்க பிள்ளைக்கு ஏற்கெனவே சளி இருந்திருக்கும்" என்றார். பதிவு எண் கேட்டேன். மூலிகைக்கு எதற்குப் பதிவு என்று என்னையே திருப்பிக் கேட்டார். பக்கத்தில் ஒரு அம்மா நான்கு பாக்கெட் எடுத்துக் கையில் வைத்திருந்தார். என் பையனுக்கு நடந்ததைச் சொன்னேன், திருப்பி வைத்துவிட்டார். அதற்கடுத்த வாரம் மேசையே இல்லை. பாக்கெட்டில் இருந்த நம்பர் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. வேறு ஊர்ச் சந்தைக்குப் போயிருப்பார் என்ற பயத்தில்தான் இதை எழுதுகிறேன்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். மீதி இருந்த பாக்கெட்டுகளை வேளாண்மை அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன், பூச்சிக்கொல்லி ஆய்வாளருக்குத்தான் மாதிரி எடுக்கும் அதிகாரம் இருக்கிறதாம். இன்னும் பதில் வரவில்லை.

இப்போது வீட்டில் வத்தி இல்லை. ஜன்னலுக்கு வலை அடித்தோம், 4,200 ரூபாய் ஆனது. தொட்டிலுக்கும் கட்டிலுக்கும் கொசுவலை. டெங்குக் கொசு பகலில் கடிப்பது, அதனால் மத்தியானத் தூக்கத்துக்கும் வலைதான். முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள்தான் ஆகும் என்பதால் சனிக்கிழமை தோறும் பிரிட்ஜ் பின்னால் இருக்கும் தட்டு, பூந்தொட்டித் தட்டு, மொட்டைமாடி டிரம் எல்லாவற்றையும் என் கணவரே கவிழ்த்துத் தேய்க்கிறார். பெண் பள்ளிக்கூடம் போகும்போது மட்டும் டீட் என்ற கொசு விரட்டி மருந்து சேர்ந்த கிரீம், பதிவு எண்ணும் சதவீதமும் அச்சிட்டது, கைகால்களில். டீட் இரண்டு மாதத்துக்குக் கீழே உள்ள குழந்தைக்குக் கூடாது. சிட்ரோனெல்லா என்ற புல் எண்ணெய் சேர்த்த கொசு விரட்டிக் கைவளையம் வாங்கலாமா என்று தங்கை கேட்டாள். 2002-ல் அமெரிக்காவில் சோதித்துப் பார்த்தபோது, 23.8 சதவீத டீட் ஐந்து மணி நேரம் காத்தது, சிட்ரோனெல்லா பூச்சுகள் இருபது நிமிடம்கூடத் தாங்கவில்லை, கைவளையங்கள் எதுவுமே காக்கவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அந்த ரோல்-ஆன் உங்கள் வீட்டில் இருந்தால் இன்றைக்கே குழந்தைக்கு எட்டாமல் எடுத்து வையுங்கள். சிறிய கண்ணாடி பாட்டில், பச்சை மூடி, இலைப் படம். சூடமோ இந்த மாதிரி எண்ணெயோ பிள்ளை வாயில் போய்விட்டதாகச் சந்தேகம் வந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள், டெல்லி எய்ம்ஸ் விஷ முறிவுத் தகவல் மையத்தின் இலவச எண் 1800 116 117. பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.