வேவ் காட்டும் பூஜ்ஜியத்தை நம்பி ஏமாந்த கதை

இணையதளம் செய்து கொடுப்பதுதான் என் பிழைப்பு. மாற்றுத்திறனாளிகளும் சிரமமில்லாமல் பயன்படுத்தும்படி தளம் இருக்கிறதா என்று பார்க்க, இரண்டு வருடமாக வேவ் என்ற கருவியை வைத்திருக்கிறேன். அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இயங்கும் வெப்எய்ம் குழு உருவாக்கியது. இலவசம். குரோம், ஃபயர்ஃபாக்ஸ், எட்ஜ் எதில் வேண்டுமானாலும் எக்ஸ்டென்ஷனாகப் போட்டுக்கொண்டு, பக்கத்தைத் திறந்து ஒரு க்ளிக் செய்தால் போதும்.

எனக்குப் பிடித்ததே, பிழை எங்கே இருக்கிறதோ அங்கேயே சிவப்பு ஐகானை ஒட்டிவிடுவதுதான். படத்துக்கு மாற்று உரை (படத்தைப் பார்க்க முடியாதவருக்கு அதை விவரிக்கும் எழுத்து) இல்லையா, ஃபார்மில் கட்டத்துக்குப் பெயர் இல்லையா, பட்டன் காலியாக இருக்கிறதா, அந்த இடத்திலேயே சிவப்பு. புரோகிராமிங் தெரியாத கடைக்காரரிடம் காட்டினாலும் "அட, இவ்வளவா?" என்று புரிந்துகொள்கிறார். பிரவுசருக்குள்ளேயே ஓடுவதால் லாகின் செய்த பிறகு வரும் பக்கங்களையும், என் கம்ப்யூட்டரை விட்டு இன்னும் வெளியே போகாத அரைகுறைப் பக்கங்களையும் சோதிக்க முடிகிறது.

நிற வேறுபாட்டுக்கு ஒரு தனி டேப் இருக்கிறது, அது அருமை. டிசைனர்கள் ஆசையாக வைக்கும் 999999 என்ற நிறக் குறியீடு கொண்ட வெளிர் சாம்பலுக்கும் வெள்ளைப் பின்னணிக்கும் உள்ள வேறுபாடு 2.85:1தான் வரும், சாதாரண அளவு எழுத்துக்கு அணுகல் விதி கேட்பது 4.5:1. அங்கேயே ஸ்லைடரை நகர்த்திக் கருமையைக் கூட்டிப் பார்க்கலாம். 767676 வரை போனாலே தேறிவிடும், அழகும் ஒன்றும் கெட்டுவிடாது. உலகம் முழுக்க இதுதான் முதல் வியாதி போல: வருடா வருடம் வெப்எய்ம் குழு வேவை வைத்தே 10 லட்சம் தளங்களின் முகப்புப் பக்கங்களைச் சோதிக்கிறது, 2025இல் 94.8 சதவீதப் பக்கங்களில் ஏதாவதொரு பிழை சிக்கியது, அதில் மங்கலான எழுத்துதான் முதலிடம்.

குறை என்றால், ஐகான்கள் வந்து ஒட்டிக்கொண்டதும் பக்கத்தின் அமைப்பு கலைந்துபோகும், மெனு எங்கேயோ போய் நிற்கும். சரி, அது பரவாயில்லை.

பெரிய பிரச்சினை வேறு. போன மாதம் ஒரு டிராவல்ஸுக்கு டிக்கெட் போடும் தளம் செய்தேன். வேவில் பிழை பூஜ்ஜியம். ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பெருமையாக அனுப்பியும்விட்டேன். அப்புறம் தெரிந்த அண்ணன் ஒருவரை அதில் டிக்கெட் போட்டுப் பார்க்கச் சொன்னேன். பார்வையில்லாதவர், வங்கியில் வேலை, திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துக் காட்டும் என்விடிஏ என்ற திரைவாசிப்பான் மென்பொருளை நமக்கு ஒரு சொல்கூடப் பிடிபடாத வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பவர். இருக்கை வரைபடம் வந்தது. டேப் விசையைத் தட்டினார். "சீட், பட்டன்." இன்னொரு தட்டு. "சீட், பட்டன்." மறுபடியும் அதேதான். மொத்தம் 36 இருக்கை, 36 தடவையும் அதே வார்த்தை. எது ஜன்னலோரம், எது ஏற்கெனவே போனது என்பதையெல்லாம் நான் நிறத்தில் மட்டும்தான் காட்டியிருந்தேன்.

"தம்பி, எந்த சீட்டுன்னு சொல்லவே மாட்டேங்குதே, நான் எதை அமுக்குறது?" என்றார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

வேவ் மேல் தப்பில்லை. பட்டனுக்குப் பெயர் இருக்கிறதா என்றுதான் அது பார்க்கும், இருந்தது. அந்தப் பெயரை வைத்து ஒரு ஆள் டிக்கெட் எடுக்க முடியுமா என்பது அதற்குத் தெரியாது. தமிழ்த் தளங்களில் இது இன்னும் மோசம். ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வடிவம் போட்டுக் காட்டும் பாமினி எழுத்துருவில் அடித்த பழைய பக்கம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள்: கண்ணுக்குத் 'தமிழ்' என்று தெரியும், உள்ளே இருப்பதோ ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. திரைவாசிப்பான் அதைத்தான் வாசிக்கும். வேவுக்கு அதுவும் ஒழுங்கான எழுத்துதான். தமிழ்ப் பக்கத்தின் மொழியை நிரலில் ஆங்கிலம் என்று குறித்துவைத்தாலும் அப்படித்தான், மொழி குறிக்கவே இல்லையென்றாலோ செல்லாத குறியீடு போட்டிருந்தாலோதான் சிவப்புக் காட்டும்.

அதனால் வேவைத் தூக்கிப்போடச் சொல்லவில்லை, முதல் சல்லடையாக வைத்துக்கொள்ளுங்கள். அது முடிந்ததும் மவுசைப் பிடுங்கிவிட்டு கீபோர்டை மட்டும் வைத்து ஒரு டிக்கெட் போட்டுப் பாருங்கள். பிறகு என்விடிஏவைப் போட்டுத் திரையை அணைத்துவிட்டுப் போடுங்கள். அதுவும் இலவசம்தான், 2006இல் மைக்கேல் கரன் ஆஸ்திரேலியாவில் தொடங்கியது, அவருக்கும் பார்வை கிடையாது. அதற்குப் பிறகும் தினமும் அதைப் பயன்படுத்துகிற ஒருவரிடம் கொடுங்கள், அவர் நேரத்துக்குக் காசும் கொடுங்கள். 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் டிஜிட்டல் அணுகலும் வாழ்வுரிமை தரும் அரசியலமைப்பின் 21ஆவது பிரிவில் அடங்கும் என்று சொல்லிவிட்டது, இனி க்ளையன்ட்டிடம் இந்தச் செலவைப் பேசக் கூச்சப்படவும் வேண்டாம்.

நான் இருக்கை பட்டன்களின் பெயர்களை மாற்ற ஒரு மத்தியானம் ஆனது. இப்போது "7, ஜன்னலோரம், காலி" என்று வாசிக்கிறது, அண்ணன் 7ஐயே போட்டார். திரும்ப வேவை ஓடவிட்டேன். அதே பூஜ்ஜியம்.