ஒரே அட்டவணையா, ஆன்டாலஜியா: செட்டிநாட்டு வீட்டுப் பதிவுகளை இணைத்தபோது

காரைக்குடியை அடுத்த ஊர் ஒன்றில் ஒரு நகரத்தார் வீட்டின் பதிவுகளை ஒருங்கிணைத்துத் தரும் பொறுப்பு எனக்கு வந்தபோது, கையில் மூன்று மூலங்கள் இருந்தன. வீட்டுச் சாமான்களை அறை அறையாக எழுதிய எக்செல் கோப்பு ஒன்று. ஊர்க் கோயிலின் புள்ளிப் பட்டியல், அதாவது குடும்பங்களின் பட்டியல், ஒன்று. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று வீட்டின் பகுதிகளை அளந்து வரைந்த கட்டடக்கலை மாணவர்களின் குறிப்புகள் மூன்றாவது. குடும்பத்தார் கேட்டது எளிமையான கேள்விதான்: இந்த அண்டா யாருடைய திருமணத்தில் வந்தது, அவர் எந்த வீட்டில் பிறந்தவர், அது இப்போது எந்த அறையில் இருக்கிறது? மூன்று மூலங்களும் ஒன்றோடொன்று பேசினால்தான் இதற்கு விடை கிடைக்கும்.

எல்லாவற்றையும் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் ஒரே பொது அட்டவணை அமைப்புக்குள் கொண்டுவருவது ஒரு வழி. பொருள்வகைகளையும் உறவுகளையும் வரையறுக்கும் ஓர் ஆன்டாலஜியை நடுவில் வைத்து, மூலங்களை அப்படியே விட்டு, ஒவ்வொன்றையும் அதனோடு பொருத்துவது மற்றொரு வழி. முதல் வழியில் தொடங்கிப் பாதியில் இரண்டாவதற்கு மாறியவன் நான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனவே இந்த அலசலில் தராசு ஒரு பக்கம் சாய்ந்தே இருக்கும்.

வேகம், கற்க ஆகும் நேரம், உதவிக்கு ஆள் கிடைப்பது ஆகிய மூன்றிலும் அட்டவணைதான் முன்னே நிற்கிறது. இதில் விவாதம் தேவையில்லை. செலவிலும் பெரிய வேறுபாடு இல்லை. போஸ்ட்கிரெஸ் இலவசம், ஆன்டாலஜி எழுதப் பயன்படும் ஸ்டான்ஃபோர்டின் புரோட்டெஜேயும் இலவசம்.

ஆன்டாலஜி என்பது, ஒரு துறையில் என்னென்ன வகைப் பொருள்கள் உண்டு, அவற்றுக்கிடையே என்னென்ன உறவுகள் இருக்கலாம் என்பதைக் கணினிக்குப் புரியும்படி வரையறுத்துவைப்பது. தரவு ‘எழுவாய், உறவு, செயப்படுபொருள்’ என்ற மூன்றுறுப்பு வாக்கியங்களாக ஆர்.டி.எஃப். வடிவில் நிற்கும், வரையறைகளை எழுத ஓ.டபிள்யூ.எல்., கேள்வி கேட்க ஸ்பார்க்கிள் ஆகியவை டபிள்யூ3சி என்ற இணையத் தர அமைப்பின் தரங்களாக முறையே 2004, 2008-இல் வந்தன. நானாக ஒன்றைப் புதிதாக உருவாக்கவில்லை. அருங்காட்சியகத் துறையினர் வளர்த்தெடுத்து, 2006-இல் ஐ.எஸ்.ஓ. 21127 என்ற தரமாகிய சிடாக் சி.ஆர்.எம். என்பதையே எடுத்துக்கொண்டேன். அதன் அடிப்படைக் கருத்து, ஆளையும் பொருளையும் நேராகப் பிணைக்காமல் நிகழ்வுகளின் வழியாகப் பிணைப்பது.

அந்தக் கருத்து எவ்வளவு பயன்படும் என்பது பிள்ளை கூட்டுதலில், அதாவது தத்தெடுப்பதில்தான், எனக்குப் புரிந்தது. புள்ளிப் பட்டியலில் ஒருவருடைய தந்தை பெயர் ஒன்றாக இருந்தது. வீட்டில் கிடைத்த பழைய மொய் ஏட்டிலோ அதே மனிதருக்கு வேறு தந்தை. என் அட்டவணையில் ‘தந்தை பெயர்’ என்று ஒரே பத்திதான் (நெடுவரிசைதான்). பிழை என்று எண்ணி ஏட்டில் இருந்ததை அடித்துவிட்டு, சரிபார்க்கப் போனேன். பட்டாலையில் உட்கார்ந்திருந்த ஆச்சி, “ரெண்டும் சரிதான், அவுக அந்த வீட்டுக்குப் பிள்ளை வந்தவுக” என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். பிள்ளை கூட்டப்பட்டவருக்குத் தந்தை பெயரும் விலாசமும் (பெயரின் முன்வரும் தலைப்பெழுத்துகளும்) மாறிவிடும். இரு மூலங்களும் தத்தம் காலத்தின் உண்மையைத்தான் சொல்லியிருந்தன. சி.ஆர்.எம்.-இல் பிறப்பு ஒரு நிகழ்வு, ஒரு குழுவிலிருந்து விலகுவது ஒரு நிகழ்வு, இன்னொன்றில் சேர்வது வேறொரு நிகழ்வு. ஆகவே இரண்டு தந்தையரும் முரண்படாமல் அருகருகே நின்றார்கள். எந்தச் செய்தி எந்த ஏட்டிலிருந்து வந்தது என்பதும் கூடவே நின்றது.

புள்ளியும் அப்படியே. திருமணமானதும் ஒருவர் தனிப் புள்ளியாகிவிடுவதால் புள்ளி என்பது ஆள் அன்று, குடும்ப அலகு. அதை ஆள் பத்தியில் ஏற்றியபோது மனைவியர் அனைவரும் தரவிலிருந்தே காணாமற்போனார்கள். குழு என்ற வகையில் வைத்த பிறகே அவர்கள் திரும்பி வந்தார்கள். அவர்கள் இல்லாமல் அண்டா யாருடைய சீராக வந்தது என்ற கேள்விக்கு விடையே கிடையாது.

நிகழ்வுகளுக்கென்று அட்டவணைகள் போட்டு இதையெல்லாம் போஸ்ட்கிரெஸிலும் செய்யலாமே என்று கேட்கலாம். செய்யலாம், நானும் சில வாரங்கள் செய்தேன். செய்துகொண்டே போனபோது, சி.ஆர்.எம்.-ஐத்தான் அரைகுறையாகவும் ஆவணமின்றியும் மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறேன் என்பது தெரிந்தது.

என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. மூலங்களை இரண்டிரண்டாக இணைத்தால் பத்து மூலங்களுக்கு 45 பொருத்தங்கள் வேண்டும், நடுவில் பொது அமைப்பு இருந்தால் 10 போதும் என்பது ஆன்டாலஜிக்காக வழக்கமாகச் சொல்லப்படும் வாதம். ஆனால் பொது அட்டவணையும் நடுவில் நிற்பதுதான் என்பதால், அந்தக் கணக்கு அதற்கும் பொருந்தும். உண்மையான வேறுபாடு, புதிய மூலம் வரும்போது நடுவில் இருப்பது அசைகிறதா என்பதில் இருக்கிறது. மொய் ஏடு நான்காவதாக வந்தபோது என் அட்டவணையில் பத்திகள் மாறின, பத்திகளை நம்பியிருந்த வினவல்கள் உடைந்தன, ஏற்கெனவே ஏற்றிய மூன்றையும் மறுபடி ஏற்ற வேண்டியதாயிற்று. ஆன்டாலஜிக்கு மாறிய பின் இசைகுடிமானம் என்ற திருமண ஒப்பந்த ஏடு ஐந்தாவதாக வந்தது. அதற்கு மட்டும் ஒரு பொருத்தம் எழுதினேன், பழையவற்றில் கை வைக்கவில்லை.

தேதிகளில் வேறுபாடு சிறியது. ஏட்டில் ‘சர்வதாரி’ என்று ஆண்டின் பெயர் மட்டும் இருந்தால் அது 1888 ஆகவும் இருக்கலாம், 1948 ஆகவும் இருக்கலாம். இரண்டு வாய்ப்புகளையும் சேர்த்து வைக்க இரு வழிகளிலும் இடமுண்டு. ஆன்டாலஜியில் அது கொஞ்சம் இயல்பாக அமைகிறது, அவ்வளவுதான்.

ஆன்டாலஜி காலை வாரிய இடத்தையும் சொல்ல வேண்டும். பாட்டனார் பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்தால் ஒரே தலைப்பெழுத்தும் பெயரும் தலைமுறை தாண்டி மீண்டும் வரும். நான் அவசரத்தில் அப்படிப்பட்ட இருவரை ‘இருவரும் ஒருவரே’ என்னும் ஓ.டபிள்யூ.எல். உறவால் பிணைத்துவிட்டேன். அந்த உறவு சங்கிலியாகப் பரவக்கூடியது. உறவுகளிலிருந்து புதிய முடிவுகளைத் தானே வருவிக்கும் அனுமான எந்திரத்தை ஓட்டியதும் பேரனுடைய மனைவி பாட்டனாருக்கும் மனைவியானார். மேலும், ஓ.டபிள்யூ.எல். இல்லாத தகவலைப் பிழை என்று சொல்லாது, இன்னும் தெரியாதது என்றே கொள்ளும். விடுபட்டதைப் பிடிக்க 2017-இல் டபிள்யூ3சி தரமாக வந்த, தரவைச் சரிபார்க்கும் ஷாக்கிள் விதிகளைத் தனியாக எழுத வேண்டியிருந்தது. அட்டவணையில் ஒரு பத்தியைக் கட்டாயம் என்று குறித்தாலே அது முடிந்துவிடும்.

என் தரவு ஒரு மடிக்கணினிக்குள் அடங்கும் அளவு. கோடிக்கணக்கான வரிகளில் ஸ்பார்க்கிள் எப்படி ஓடும் என்பதை என் அனுபவத்திலிருந்து சொல்ல இயலாது. தரவை நகர்த்தாமல் போஸ்ட்கிரெஸிலேயே விட்டு, ஆன்டாலஜி வழியாக வினவ உதவும் ஆன்டாப் கருவியைச் சோதனை அளவில்தான் தொட்டிருக்கிறேன். ஒரே மூலம், மாறாத வடிவம், ஆண்டுக்கொரு முறை கணக்கு என்றால் நானும் எக்செல்லையே பரிந்துரைப்பேன்.

அந்த வீட்டுக் கணக்குப்பிள்ளைக்கு ஸ்பார்க்கிள் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. அவர் வழக்கம்போல் எக்செல்லில் சாமான்களைச் சேர்க்கிறார். மாதக் கடைசியில் பொருத்தத்தை ஓட்டி, ஷாக்கிள் பிடித்த விடுபாடுகளை ஒரு தாளில் அச்சிட்டு அவரிடம் தருகிறேன். போன மாதத் தாளில் இருந்தது ஒரே ஒரு வரி: இரண்டாங்கட்டில் ஒரு அண்டா, வந்த திருமணம் குறிக்கப்படவில்லை.