லிப்கர்ல் மல்டி: நீண்ட நாள் ஓட்டிப் பார்த்ததில்

சி நிரலில் ஒரே நேரத்தில் நூறு கோப்புகளை இறக்க வேண்டும் என்றதும் பலரும் கோப்புக்கு ஒரு திரெட் (நிரலுக்குள் தனியே ஓடும் இழை) என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். வலையிலிருந்து தரவு இறக்கும் சி நூலகமான லிப்கர்லில், பல இறக்கங்களை ஒன்றாக நடத்தும் மல்டி இருக்கும்போது அது வீண் சுமை. ஒரே திரெட், ஒரே லூப். சில நூறு டிரான்ஸ்ஃபர் வரை அதுவே தாராளம். வேகத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தலைவலியெல்லாம் எந்த மெமரி எதுவரை உயிரோடு இருக்க வேண்டும் என்பதில்தான்.

அமைப்பு எளிது. ஒவ்வொரு இறக்கத்துக்கும் ஒரு ஈஸி ஹேண்டில் (அதன் அமைப்புகளை வைத்திருக்கும் பிடி), எல்லாம் ஒரு மல்டி ஹேண்டிலுக்குள். பிறகு லூப்பில் மூன்று ஃபங்ஷன்கள்: வேலையை நகர்த்த பெர்ஃபார்ம், முடிந்தவற்றை எடுக்க இன்ஃபோ ரீட், காத்திருக்க போல். பழைய நிரல்களில் போலுக்குப் பதில் செலக்ட் இருக்கும். சாக்கெட்டின் (வலை இணைப்பின் முனை) எண் 1024ஐத் தொட்டால் அதை நம்ப முடியாது. இடையில் வந்த வெயிட்டுக்கு வேறொரு குணம்: கவனிக்க சாக்கெட் எதுவும் இல்லையென்றால் உடனே திரும்பிவிடும், லூப் வெறுமனே சுற்றி சிபியுவைத் தின்னும். 2019இல் 7.66.0 பதிப்போடு வந்த போல் அப்போதும் காத்திருக்கும். 1000 மில்லிசெகண்ட் கொடுத்தால் போதும். தரவு வந்தால் முன்னதாகவே எழும். வேறொரு திரெட்டிலிருந்து எழுப்ப 7.68.0 முதல் வேக்கப் உண்டு. மற்றபடி மல்டி ஹேண்டிலை இரண்டு திரெட்டுகள் ஒரே நேரத்தில் தொடக்கூடாது.

பெர்ஃபார்ம் சரி என்று திரும்பினால் இறக்கங்கள் சரியாக முடிந்தன என்று பொருள் இல்லை. ஒவ்வொன்றின் முடிவும் இன்ஃபோ ரீட் தரும் செய்தியில்தான் இருக்கும். இங்கேதான் அதிகம் வழுக்குகிறது: அந்தச் செய்தியின் பாயின்ட்டர் (மெமரி முகவரி), ஹேண்டிலை மல்டியிலிருந்து நீக்கியதுமே செல்லாது. ஆகவே ஈஸி ஹேண்டிலையும் ரிசல்ட்டையும் முதலில் உள்ளூர் மாறிகளில் எடுத்து வைத்து, அதன் பிறகே நீக்க வேண்டும். வரிசை மாறினாலும் சோதனையில் பெரும்பாலும் ஓடிவிடும். சுமை ஏறும்போதுதான் கிராஷ் ஆகும். இன்னொன்று, 404 வந்தாலும் ரிசல்ட் 0தான். ரெஸ்பான்ஸ் கோடைத் தனியாகப் பார்க்க வேண்டும், அல்லது ஃபெயில்ஆன்எரர் ஆப்ஷனைப் போட்டால் ரிசல்ட் 22 வரும்.

யூஆர்எல்லை லிப்கர்ல் நகல் எடுத்துக்கொள்ளும். போஸ்ட்ஃபீல்ட்ஸையும் (சர்வருக்கு அனுப்பும் தரவு) ஹெடர் பட்டியலையும் எடுக்காது. ஃபங்ஷனுக்குள் உள்ளூர் பஃபரில் கட்டிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தால், குப்பைதான் சர்வருக்குப் போகும். எரர் பஃபரும் ஹேண்டிலுக்கு ஒன்றாகத் தனித்தனியே வேண்டும். இவை எல்லாவற்றையும் ஒரு ஸ்ட்ரக்டில் வைத்து, அதன் பாயின்ட்டரைப் பிரைவேட் ஆப்ஷனில் மாட்டிவிட்டால் முடிந்ததும் ஒரே இடத்தில் விடுவிக்கலாம்.

எழுதும் கால்பேக்குக்கு (தரவு வந்ததும் லிப்கர்ல் அழைக்கும் நம் ஃபங்ஷன்) வரும் துண்டின் இறுதியில் பூஜ்ய பைட் இருக்காது. ஸ்ட்ரிங் போல நடத்தக்கூடாது. வந்த பைட் எண்ணிக்கையை அப்படியே திருப்பாவிட்டால் பிழை 23. கால்பேக்குக்குள்ளிருந்து ஹேண்டிலைச் சேர்ப்பதும் நீக்குவதும் கூடாது. அதை இன்ஃபோ ரீட் சுற்றுக்கு ஒத்திவையுங்கள்.

டைம்அவுட்டை இயல்பு நிலையில் விடுவது ஆபத்து. இணைப்புக்கு 300 விநாடி, மொத்தத்துக்கு வரம்பே இல்லை. பெரிய கோப்புகளுக்கு மொத்த வரம்பைவிட லோ ஸ்பீட் ஜோடி நல்லது: 30 விநாடி தொடர்ந்து வேகம் விநாடிக்கு 1000 பைட்டுக்குக் கீழே போனால் வெட்டிவிடு என்று சொல்லலாம். மறுமுனை சர்வரை மூச்சுத்திணற விடாமல், ஹோஸ்ட்டுக்கான இணைப்பு வரம்பை 6 அல்லது 8 என்று வையுங்கள்; இயல்பில் அதற்கும் வரம்பு கிடையாது.

எச்டிடிபி 2 சர்வர் என்றால் முதல் இணைப்புக்காகக் காத்திருக்கச் சொல்லும் பைப்வெயிட் ஆப்ஷனை இயக்குங்கள். இல்லாவிட்டால் முதல் இணைப்பு எந்த வகை என்று தெரிவதற்குள் மற்றவை ஆளுக்கொரு இணைப்பு திறந்துவிடும், மல்டிபிளெக்ஸிங்கின் (ஒரே இணைப்பில் பல இறக்கங்கள்) பலன் போய்விடும்.

ஆயிரக்கணக்கில் போகும்போதுதான் மல்டி சாக்கெட்டும் (சாக்கெட்டுகளை நாமே கவனிக்கும் முறை) லினக்ஸின் ஈபோலும் தேவை. அதில் டைமர் கால்பேக்கை மறந்தால் இறக்கம் தொடங்கவே தொடங்காது.