குட்டி ஆக்ஸலாட்டிலை "கேரண்டி பெண்"னு சொல்லி வித்தா நம்பாதீங்க

மக்களே, லண்டன் பக்கம் யாராவது ஆக்ஸலாட்டில் (தண்ணிக்குள்ளயே வாழ்ற, நாலு கால், வால் உள்ள ஒரு சாலமாண்டர் வகை) வாங்குற ஐடியால இருந்தா இதைப் படிச்சிட்டு அப்புறம் காசு குடுங்க.

என் பொண்ணு மைன்கிராஃப்ட் கேம்ல பாத்ததுலேருந்து அதையே கேட்டுக்கிட்டு இருந்தா, சரின்னு ஒரு விளம்பரத்தைப் பாத்து, வீட்லயே வளர்த்து விக்கிற ஒருத்தர்கிட்ட போனோம். ரெண்டு குட்டி, ஒண்ணு வெள்ளை ஒண்ணு கருப்பு, ஒரே தாய் போட்ட முட்டைலேருந்து பொரிஞ்சது, 8 சென்டிமீட்டர்தான் இருக்கும். ரெண்டும் பெண்ணா இருக்கணும், முட்டை கிட்டைன்னு வந்தா என்னால சமாளிக்க முடியாதுன்னு தெளிவா சொன்னேன். தலை அகலத்தைப் பாத்தாலே தெரியும், ரெண்டும் கேரண்டி பெண்தான்னு சொல்லி அதுக்காகவே ஒவ்வொண்ணுக்கும் 15 பவுண்ட் கூட வாங்கினார்.

அந்த சைஸ்ல யாராலயும் கண்ணால பாத்து சொல்ல முடியாதுங்க. தலை அகலம்லாம் நம்பவே கூடாது. ஏறக்குறைய 18 சென்டிமீட்டர் தாண்டி வயசுக்கு வந்த அப்புறம்தான் தெரியும், சிலதுக்கு ஒரு வருஷத்துக்கு மேலயும் ஆகும். பின்னங்காலுக்குப் பின்னாடி, வால் ஆரம்பிக்கிற இடத்துல அடிப்பக்கம் பாக்கணும், ஆணுக்கு அங்க ரெண்டு பக்கமும் நல்லா புடைச்சுக்கிட்டு இருக்கும், பெண்ணுக்கு லேசாத்தான் இருக்கும், உடம்பு மட்டும் உருண்டையா இருக்கும். ஆனா நல்லா தின்ன ஆணும் குண்டாத்தான் இருக்கும், அதனால வயித்தை வெச்சு முடிவு பண்ணாதீங்க. கையில தூக்க வேண்டாம், தண்ணியோட ஒரு கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் டப்பால விட்டு கீழேருந்து பாத்தா போதும்.

இதெல்லாம் எனக்கு அப்ப தெரியாது. வாங்கி ஏழு மாசம் கழிச்சு ஒரு நாள் காலைல டேங்க் அடியில வெள்ளையா, ஜெல்லி மாதிரி, சின்னச் சின்ன கூம்பா ஏழெட்டு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. ஏதோ பூஞ்சைன்னு நெனச்சு சுரண்டி எடுத்துட்டு தண்ணி மாத்தினேன். அது ஆண் விட்ட விந்துப் பொட்டலம், பெண் அது மேல நகர்ந்து போய் உள்ள எடுத்துக்குமாம். மறுநாள் சாயங்காலம் பிளாஸ்டிக் செடி முழுக்க முட்டை, ஒவ்வொண்ணுக்குள்ளயும் மிளகு மாதிரி ஒரு கருப்புப் புள்ளி. முந்நூறு வரைக்கும் எண்ணிட்டு விட்டுட்டேன்.

கருப்பு தான் பெண். ஒன்றரை வயசாவது ஆகாம முட்டை போட விடக்கூடாதாம், இதுக்கு பத்து மாசம்தான். நாலு நாள் மண்புழுவைத் திரும்பிக்கூட பாக்கல, தலைக்கு வெளிய இருக்கிற செவுள் முன்பக்கமா சுருண்டுடுச்சு. உடனே வெள்ளையைத் தனி டேங்குக்கு மாத்தச் சொன்னாங்க கால்நடை டாக்டர். கூடப் பொறந்ததுங்க போட்ட முட்டைங்கிறதால குட்டி பொரிய விடல, கரு வளர்றதுக்குள்ள எல்லாத்தையும் ஃப்ரீசர்ல வெச்சேன். என் பொண்ணு அன்னிக்கு ராத்திரி பூரா அழுதா, எனக்கும் தூக்கம் வரல.

வித்தவருக்கு போட்டோ அனுப்பி கேட்டா "இயற்கைதானே, நான் என்ன பண்ண"ன்னு ஒரு வரி, அப்புறம் பிளாக். ரெண்டாவது டேங்க், ஃபில்டர், தண்ணியை 18 டிகிரிக்குள்ள வெக்க இன்னொரு சில்லர், டாக்டர் பீஸ் எல்லாம் என் தலையில.

ஆணா பெண்ணான்னு தெரிஞ்சே ரெண்டு வளர்க்கணும்னா வளர்ந்ததா வாங்குங்க, அடிப்பக்க போட்டோ கேளுங்க. குட்டிதான் வேணும்னா நிச்சயமா தெரியுற வரைக்கும் தனித்தனியா வைங்க. கருப்பு இப்பதான் தேறி வருது, நேத்து ஒரு புழு முழுசா சாப்பிட்டுச்சு. அவரோட விளம்பரம் இன்னிக்கும் ஓடிக்கிட்டு இருக்கு, அதே 8 சென்டிமீட்டர் குட்டி, "கேரண்டி பெண்"னு.