எங்கள் கூட்டுறவுச் சங்கமும் அறிவிப்பின் மேல் குத்தியிருக்கும் ஒற்றைத் தாளும்

பாபநாசம் வட்டத்தில் இருக்கும் எங்கள் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்கு ஐந்துக்கு ஐந்து மதிப்பெண் கொடுக்கிறேன். கட்டடம் பழையது, உட்கார இரண்டே பெஞ்சுகள். இந்த மதிப்பெண் நகைக்கடன் பிரிவில் இருக்கும் ஒரு பெண் எழுத்தருக்கு உரியது. தன் பெயர் வெளியே வர வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் ஊர்ப் பெயரையும் விட்டுவிடுகிறேன்.

நான் முப்பத்தொரு வருடம் தபால்காரனாக இருந்து ஓய்வு பெற்றவன். கிராமத்தில் தபால் கொடுப்பது என்றால் வாசித்துக் காட்டுவதும் சேர்ந்ததுதான். ஓய்வு பெற்ற பிறகும் கடிதத்தோடு என் திண்ணைக்கு வருகிறார்கள். ஆறு வருடங்களுக்கு முன், எதிர்வீட்டுப் பெரியம்மா நகரத்து அடகு நிறுவனம் ஒன்று அனுப்பிய தாளைக் கொண்டுவந்தார். “மேற்படி கணக்கில் கண்ட பிணையம், நிலுவை நேர்செய்யப்படாத பட்சத்தில், விதிகளுக்குட்பட்டு உரிய நடவடிக்கைக்கு உள்ளாக்கப்படும்” என்று இருந்தது. இரண்டு முறை படித்துவிட்டு, “வட்டி பாக்கி என்கிறார்கள் பெரியம்மா, தை அறுவடை முடிந்ததும் கட்டிவிடலாம்” என்று சொன்னேன். உரிய நடவடிக்கை என்றால் ஏலம் என்று எனக்குத் தோன்றவில்லை. நெல் போட்ட பணத்தை முடிந்துகொண்டு மாசியில் அவர் போனபோது வளையல் இரண்டும் கைமாறியிருந்தன. அவர் என்னை ஒரு சொல் சொல்லவில்லை. எனக்குத்தான் இன்றும் ஆறவில்லை.

அதனால்தான் போன வருடம் சங்கத்திலிருந்து அதே பெரியம்மாவுக்கு வந்த அறிவிப்பைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சட்டப்படி அனுப்ப வேண்டிய அறிவிப்பு அடியில் அப்படியே இருந்தது. அதன் மேல் தனியாக ஒரு தாள் குத்தியிருந்தது:

“அம்மா, நீங்கள் அடகு வைத்த நகைக்கு மார்ச் 14-ஆம் தேதியோடு கெடு முடிகிறது. அதற்குள் முழுப் பணமும் கட்டினால் நகையைத் திருப்பிக்கொள்ளலாம். வட்டி மட்டும் கட்ட முடியும் என்றால், அதைக் கட்டி அடகைப் புதுப்பிக்கலாம். இரண்டும் செய்யாவிட்டால் நகை ஏலத்துக்குப் போய்விடும். பணம் புரட்ட முடியவில்லை என்றால் கெடுவுக்கு முன்பே நேரில் வந்து பேசுங்கள்.”

அவ்வளவுதான். ஐந்தாம் வகுப்புவரை படித்த பெரியம்மா இதைத் தாமே எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டார். என்னிடம் தாளைக் காட்ட வந்தாரே தவிர, அர்த்தம் கேட்க வரவில்லை.

இதை எழுதியது யார் என்று விசாரித்துக்கொண்டு போனேன். அந்த எழுத்தர் செய்வதை ஒரு முற்பகல் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். புதிதாக எதை எழுதினாலும் முதலில் பெஞ்சில் காத்திருப்பவர் ஒருவர் கையில் கொடுக்கிறார். “புரிகிறதா” என்று கேட்பதில்லை. அப்படிக் கேட்டால் எல்லோரும் தலையாட்டிவிடுவார்களாம். “இதைப் படித்துவிட்டு நீங்கள் இப்போது என்ன செய்வீர்கள், சொல்லுங்கள் அண்ணே” என்றுதான் கேட்கிறார். பதில் தடுமாறினால் அந்த வரியை அடித்துவிட்டு வேறு எழுதுகிறார். முதலில் “நகையை மீட்டுக்கொள்ளலாம்” என்றுதான் எழுதியிருந்தாராம். நம் பக்கத்தில் நகையை யாரும் மீட்பதில்லை, திருப்புகிறோம். ‘பிணையம்’ நகையானதும் இப்படித்தான். ஆரம்பத்தில், அலுவலகக் கடிதத்துக்கு உரிய கௌரவம் இதில் இல்லை என்று மேலே இருந்தவர்கள் தயங்கியிருக்கிறார்கள். அறிவிப்பில் கை வைக்கமாட்டேன், மேலே ஒரு தாள் மட்டும் குத்த விடுங்கள் என்று கேட்டு வாங்கியிருக்கிறார்.

பயிர்க் காப்பீட்டுக்கும் சுவரில் அவர் எழுதிய தாள்தான் ஒட்டியிருக்கிறது. சம்பாவுக்கு விவசாயி கட்ட வேண்டியது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம். அதை அவர் “ஆயிரம் ரூபாய்க்குப் பதினைந்து ரூபாய்” என்று எழுதியிருக்கிறார். அதன் கீழே, “விளைச்சல் குறைந்ததா என்பதைக் கிராம அளவில் நடக்கும் அறுவடைப் பரிசோதனையை வைத்தே கணக்கிடுவார்கள். உங்கள் ஒரு வயலை மட்டும் பார்த்து அல்ல” என்று இருக்கிறது. இந்த ஒரு விஷயம் தெரியாமல் எத்தனை பேர் வருடா வருடம் ஆபீஸ் ஆபீஸாக அலைந்திருக்கிறார்கள்!

இப்படிப்பட்டவர்களைத் தேடிப் பாராட்டும் வழக்கம் வெளிநாடுகளில் இருக்கிறது. பிரிட்டனில் 1979-லேயே எளிய ஆங்கிலத்துக்காக ஓர் இயக்கம் தொடங்கிவிட்டார்கள். நியூசிலாந்து 2022-ல் இதற்கென்று ஒரு சட்டமே இயற்றியது. அங்கே தரப்படும் எளிய மொழி விருதுகளில், தான் வேலை செய்யும் இடத்தில் இதற்காகப் பாடுபடும் தனி மனிதருக்கும் ஒரு விருது உண்டு. அக்டோபர் 13-ஐ உலக எளிய மொழி நாளாகக் கொண்டாடுகிறார்கள். நமக்கு 1956-லேயே ஆட்சிமொழிச் சட்டம் வந்துவிட்டது. டிசம்பரில் ஆட்சிமொழிச் சட்ட வாரம் நடக்கிறது, தமிழில் கோப்பு எழுதும் அலுவலகங்களுக்குக் கேடயமும் தருகிறார்கள். எனக்கு அதில் பெருமைதான். ஆனால் பெரியம்மாவின் வளையலைக் கொண்டுபோன அந்தத் தாளும் தமிழில்தான் இருந்தது. சரியான தமிழ், பிழையே கிடையாது. கேடயத்தோடு, கடிதத்தை வாசிப்பவர் பக்கம் நின்று எழுதும் ஓர் ஊழியருக்கும் மாவட்டந்தோறும் ஒரு பரிசு கொடுத்தால் என்ன? எங்கள் சங்கத்துப் பேரவைக் கூட்டத்தில் இவருக்குப் பாராட்டுத் தீர்மானம் போடச் சொல்லி உறுப்பினர்கள் பதினேழு பேர் கையெழுத்திட்டு மனு கொடுத்திருக்கிறோம். நகலை வைத்திருக்கிறேன்.

குறையும் சொல்ல வேண்டும். காப்பீட்டுத் தாளை நாற்காலி போட்டு ஏறிப் படிக்கும் உயரத்தில் ஒட்டியிருக்கிறார்கள், கீழே இறக்க வேண்டும். கம்ப்யூட்டர் ஒன்றுதான். நவம்பர் நடுவில் காப்பீட்டுக் கெடு நெருங்கும்போது வரிசை வாசல் தாண்டிவிடும், இணைப்பும் அறுந்து அறுந்து வரும். ஐப்பசி பிறந்ததுமே சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் பாஸ்புக் நான்கையும் எடுத்துக்கொண்டு காலை பதினோரு மணிக்குள் போய்விடுங்கள். நகைக்கடனுக்குப் போகிறவர்கள், கெடு தேதியைச் சீட்டின் பின்பக்கம் பெரிய எழுத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். கேட்டால் எழுதித் தருவார்.