டாட் காமா, டாட் இன்னா? உங்கள் முகவரி யார் கையில்?

உள்ளூர் ஊழலை எழுத ஒரு சின்னத் தளம் தொடங்குபவர்கள், டொமைன் (தளத்தின் இணையப் பெயர்) வாங்கும்போது விலையை மட்டும் பார்க்கக் கூடாது. பதிவில் கொடுக்கும் வீட்டு முகவரியும் கைபேசி எண்ணும் யாரிடம் போய்ச் சேரும் என்பதையும் பார்க்க வேண்டும்.

கண்ட கண்ட ஆட்கள் பார்க்காமல் மறைப்பதில் டாட் காம், டாட் இன் இரண்டும் இன்று ஏறக்குறைய ஒன்றுதான். 2018 மே மாதம் ஐரோப்பாவின் தனியுரிமைச் சட்டமான ஜிடிபிஆர் அமலானதும், டொமைன் யாருடையது என்று யாரும் தேடிப் பார்க்கும் ஹூயிஸ் பதிவில் டாட் காம் விவரங்கள் பெரும்பாலும் மறைக்கப்பட்டன. டாட் இன்னில் தேடினாலும் பெயர், தெரு, எண் தெரிவதில்லை. அமெரிக்காவின் டாட் யுஎஸ் பக்கம் மட்டும் போகாதீர்கள். அங்கே 2005 முதல் மறைப்புச் சேவைக்கே தடை.

அரசு கேட்கும்போதுதான் வித்தியாசம் தெரியும். டாட் இன்னில் எந்த நாட்டு ரெஜிஸ்ட்ராரிடம் (டொமைன் விற்கும் நிறுவனம்) வாங்கினாலும் உங்கள் விவரம், டாட் இன்னை நிர்வகிக்கும் இந்திய அமைப்பான நிக்சியின் பதிவகத்துக்கு (எல்லாப் பெயர்களின் மூலப் பட்டியல் இருக்கும் இடம்) வந்துவிடும். உங்களுக்குப் பதில் இன்னொரு நிறுவனத்தின் பெயரைப் போடும் பிராக்ஸி சேவைக்கும் அனுமதி இல்லை. இந்தியாவின் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸின் 94ஆம் பிரிவின்படி ஆவணம் கேட்க, காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியின் எழுத்துபூர்வ உத்தரவே போதும். நீதிபதி கையெழுத்து தேவையில்லை. எனக்கு இதுதான் பெரிய கவலை.

டாட் காம் பதிவகமான வெரிசைனிடம் உங்கள் பெயரே இருக்காது. அது ரெஜிஸ்ட்ராரோடு நின்றுவிடும். ஆகவே, ரெஜிஸ்ட்ரார் எந்த நாட்டில் இருக்கிறார் என்பதே முக்கியம். இந்தியாவில் அலுவலகம் உள்ளவர் என்றால் காவல்துறைக் கடிதம் நேரே அங்கே போகும். ஐரோப்பிய ரெஜிஸ்ட்ராருக்கு வேறு விதி: ஐரோப்பிய ஒன்றியத்தின் இணையப் பாதுகாப்புச் சட்டமான என்ஐஎஸ்2 நெறியின்படி, சட்டப்படி உரிமையுள்ளவர் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். மறுப்பதும் பதில்தான். உலக அளவில் டொமைன் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகேன் அமைப்பு 2023 நவம்பரில் கொண்டுவந்த ஆர்டிஆர்எஸ் என்ற விவரக் கோரிக்கைச் சேவை, கோரிக்கையைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதோடு சரி. கொடுப்பதா வேண்டாமா என்பது ரெஜிஸ்ட்ராரின் முடிவு.

டாட் காமிலும் ஒரு சிக்கல் உண்டு. வெரிசைன் இருப்பது அமெரிக்காவின் வர்ஜீனியாவில். 2012இல் கோப்புப் பகிர்வுத் தளமான மெகாஅப்லோடின் டாட் காம் பெயரையே அமெரிக்க அரசு கைப்பற்றியது. உங்கள் பெயர் வெளிவராமல் இருக்கலாம், ஆனால் தளத்தின் பெயர் பறிபோகலாம்.

கடைக்கோ பள்ளிக்கோ டாட் இன் தாராளமாகப் போதும். அதிகாரத்தில் இருப்பவர்களைக் கேள்வி கேட்பவர்களுக்கு என் பரிந்துரை, இந்தியாவுக்கு வெளியே உள்ள ரெஜிஸ்ட்ராரிடம் டாட் காம். பணம் கட்டும் முன், "அரசு கேட்டால் எனக்குத் தெரிவிப்பீர்களா?" என்று எழுதிக் கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் வேறு இடம் பாருங்கள். அப்புறம், பொய் முகவரி மட்டும் வேண்டாம். ஒரே ஒரு புகாரில் விசாரணை தொடங்கி, டொமைனே முடக்கப்படலாம்.