பாஸ் கொடு என்று கத்தினால் பாஸ் வருமா?

ஆறேழு வயதுக் குழந்தைகள் கால்பந்து ஆடும் இடத்தில், எல்லைக்கோட்டுக்கு வெளியே அதிகம் ஒலிக்கும் சொல் "பாஸ்". கத்துவது பெரும்பாலும் அப்பாக்கள். சில இடங்களில் பயிற்சியாளரே. உள்ளே பந்தைச் சுற்றிப் பத்துப் பேர் மொய்த்துக்கொண்டிருக்கிறார்கள். பந்து யார் காலில் இருக்கிறது என்றே தெரியாத அந்த நெரிசலில் யாரைப் பார்த்துப் பாஸ் கொடுப்பது?

குழந்தை பந்தை லாவகமாகக் கையாள வேண்டும். கூட ஆடுபவர்களோடு சேர்ந்தும் ஆட வேண்டும். இதில் யாருக்கும் தகராறு இல்லை. எதிலிருந்து தொடங்குவது என்பதில்தான் கட்சி பிரிகிறது.

பந்திலிருந்து தொடங்கு என்கிற கட்சிக்கு முன்னோடி நெதர்லாந்தின் வீல் கூர்வர். 1974இல் ஃபெயனோர்ட் அணியை யூஃபா கோப்பை வெல்ல வைத்த பயிற்சியாளர். பின்னர் இந்தோனேசியத் தேசிய அணிக்கும் பயிற்சியளித்தார். பெரிய ஆட்டக்காரர்களின் அசைவுகளைப் படச்சுருளில் பார்த்து, துண்டு துண்டாகப் பிரித்து, இவற்றைக் குழந்தைகளுக்கும் கற்றுக்கொடுக்க முடியும் என்றார். ஆளுக்கொரு பந்து. பாதத்தின் உட்புறம், வெளிப்புறம், அடிப்பகுதி என்று மாற்றி மாற்றித் தொடுவது, ஒருபக்கம் போவதுபோல் காட்டி மறுபக்கம் திரும்புவது, பிறகு ஒருவருக்கு எதிராக ஒருவர்.

இந்தக் கட்சியின் வாதம் வலுவானது. பந்து காலில் நிற்காத குழந்தை கொடுக்கும் பாஸ், பயத்தில் கொடுக்கும் பாஸ். எதிராளி நெருங்கியதும் பந்தைத் தொலைத்தால் போதும் என்று உதைத்துவிடும். அதைப் பார்த்து "நல்ல பாஸ்" என்று கைதட்டுவது நமக்கு வேண்டுமானால் திருப்தியாக இருக்கலாம்.

குறையும் வெளிப்படையானது. பயிற்சியில் எதிராளிக்குப் பதிலாக நிறுத்தும் பிளாஸ்டிக் கோன் காலை நீட்டிப் பந்தைப் பறிக்காது. கோன்களுக்கு நடுவே வளைந்து வளைந்து ஓடும் குழந்தை, எப்போது திரும்புவது, யாருக்குக் கொடுப்பது என்று எதையும் முடிவு செய்வதில்லை. பந்துகள் போதாத இடத்தில் இம்முறை இன்னும் கெட்டுப்போகிறது. பதினைந்து குழந்தைகள் வரிசையில் நிற்க, ஒன்று மட்டும் ஆடும். மீதிப் பதினான்கும் மண்ணைக் கிளறிக்கொண்டிருக்கும். இது கூர்வர் சொன்னதல்ல, ஆனால் அவர் பெயரில் நடப்பது.

ஆட்டத்திலிருந்தே தொடங்கு என்கிற கட்சியில் ஜெர்மானியரான ஹோர்ஸ்ட் வைனுக்குத் தனி இடம் உண்டு. இவர் அடிப்படையில் ஹாக்கிக்காரர். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் வாசுதேவன் பாஸ்கரன் தலைமையிலான இந்தியா 4-3 என்று தங்கம் வென்ற இறுதியாட்டத்தில் எதிரே நின்ற ஸ்பெயின் அணிக்கு இவர்தான் பயிற்சியாளர். அவர் குழந்தைகளின் கால்பந்துக்காக வகுத்த ஆட்டம் மூன்று பேருக்கு மூன்று பேர். கோல்கீப்பர் கிடையாது. கோல்கள் நான்கு, எல்லாம் சின்னஞ்சிறியவை: ஒவ்வொரு அணியும் இரண்டைக் காக்கும், இரண்டைத் தாக்கும். கோலுக்குச் சுமார் ஆறு மீட்டருக்குள் வந்து அடித்தால்தான் கணக்கு.

சூட்சுமம் அந்த இரண்டாவது கோலில் இருக்கிறது. ஒரு கோல் மட்டும் இருந்தால் எல்லோரும் அதை நோக்கியே ஓடுவார்கள், நெரிசல் கலையாது. கோல்கள் இரு ஓரங்களிலும் இருப்பதால், ஒரு பக்கம் கூட்டம் சேர்ந்தால் மறுபக்கம் காலி. அதைக் காண வேண்டுமானால் தலையை நிமிர்த்த வேண்டும். நிமிர்ந்த தலைக்குத் தோழன் கண்ணில் படுவான். பாஸ் கொடு என்று யாரும் சொல்லாமலே ஆட்டம் பாஸைக் கேட்கிறது. ஆறு மீட்டர் விதியால், தூரத்திலிருந்து ஓங்கி உதைக்கும் பலசாலிப் பையனுக்கும் சலுகை இல்லை.

2024-25 பருவம் முதல் ஜெர்மன் கால்பந்துச் சங்கம் இத்தகைய சிற்றாட்டங்களைச் சிறுவர் பிரிவுகளுக்குக் கட்டாயமாக்கியது. மிகச் சிறியவர்களுக்கு இரண்டுக்கு இரண்டு அல்லது மூன்றுக்கு மூன்று. புள்ளிப் பட்டியல் இல்லை. டார்ட்முண்ட் அணியின் அப்போதைய தலைமை நிர்வாகி ஹான்ஸ் யோவாஹிம் வாட்ஸ்கே இதை வெளிப்படையாகச் சாடினார். தோல்வியைச் சிறு வயதில் உணராதவனுக்கு வெல்லும் வேகம் எங்கிருந்து வரும் என்பது அவர் கேள்வி. எனக்கு இது பொருந்தாத கோபமாகவே படுகிறது. பல சிறு களங்களில் ஒரே நேரத்தில் நடக்கும் இந்த முறையில், வென்றவர்கள் அடுத்த களத்துக்கு ஏறுகிறார்கள், தோற்றவர்கள் ஒரு களம் இறங்குகிறார்கள். ஒரே காலைப்பொழுதில் ஒரு குழந்தை பலமுறை வெல்கிறது, பலமுறை தோற்கிறது. போனது பெரியவர்கள் பார்த்து மகிழும் பட்டியல் மட்டும்தான்.

இரண்டு கட்சிகளுக்கும் நடுவே நெதர்லாந்துக்காரர்கள் பரப்பிய நான்குக்கு நான்கு இருக்கிறது. பந்து வைத்திருப்பவனுக்கு முன்னால் ஒருவர், பக்கத்துக்கு ஒருவர் என்று வைர வடிவம் அமையும். எட்டு ஒன்பது வயதுக்கு இதுவே மேல் என்பேன். ஆறு வயதில் அந்த வடிவம் நிமிடத்துக்குள் கலைந்துவிடுகிறது. ஏழுக்கு ஏழு, பெரிய கோல் என்கிற பழைய வழியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. இரண்டு பலசாலிகள் ஆட, கோல்கீப்பராக நிறுத்தப்பட்ட குழந்தை கொட்டாவி விடும்.

நம் ஊரில் பலர் கையாளும் ஒரு குறுக்குவழியும் உண்டு: மூன்று பாஸ் கொடுத்த பிறகே கோல் அடிக்கலாம். பார்ப்பதற்கு ஒற்றுமைபோல் இருக்கும். குழந்தைகளோ பக்கத்தில் நிற்பவனுக்குத் தட்டித் தட்டி எண்ணிக்கையை முடிக்கிறார்கள். காலியான இடத்தைத் தேடும் கண் இதில் வளர்வதில்லை. இந்த முறைகளில் எதை விட்டாலும் இதை முதலில் விடலாம்.

என் தேர்வு: ஒரு மணி நேரத்தில் முதல் கால் மணி கூர்வர், மீதி முழுக்க வைன். கூடைப்பந்து மைதானத்தைவிடச் சற்றே பெரிய இடம் ஒரு களத்துக்குப் போதும். கோலுக்கு இரண்டு செங்கல் அல்லது புத்தகப் பைகள். பந்து ஆளுக்கொன்று இல்லையென்றால் கூர்வர் பகுதியைச் சுருக்கிவிட்டு ஆட்டத்தை நீட்டுங்கள். மூன்றுக்கு மூன்றில் ஆறு பேருக்கு ஒரு பந்து போதும்.

மூன்று பேரையும் தனியே தாண்டிப் போய்க் கோலுக்கு மேல் கோல் அடிக்கும் குழந்தை ஒன்று எங்கும் இருக்கும். அதை "சுயநலம்" என்று திட்டாதீர்கள். ஒரு வயது மூத்தவர்களின் களத்துக்கு மாற்றிவிடுங்கள். அங்கே இருவர் மறித்து நிற்கும்போது, பக்கத்தில் ஓடி வருபவனை அதுவே தேடும்.